ட்வெய்தன் வீட்டின் முறை

கதிரடி வட்டத்தில் ஒரு வீட்டுக்கு இடம் உண்டு என்றால், அதற்கு எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே பொருள்தான். அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள், கதிர்க்கட்டு ஏற்றும் ஒரு வண்டி, ஒரு ஜோடி குதிரை, வட்டத்திலுள்ள எல்லா வீட்டுக் களத்திற்கும் போய்க் கடைசி மணி மூட்டையில் விழும்வரை நிற்க வேண்டும். பதிலுக்கு, அந்த வீட்டின் முறை வரும்போது ஊர் முழுவதும் அதன் களத்தில் வந்து நிற்கும். விஸ்கான்சினின் இந்த மேட்டுக்கும் ஓடைக்கும் நடுவே நார்வேயிலிருந்து வந்து குடியேறிய நாள்முதல் இந்த ஏற்பாட்டில் யாரும் குறை கண்டதில்லை. ஒரு வருடம் மேலிருந்து கீழாகவும் மறு வருடம் கீழிருந்து மேலாகவும் முறை வரும். மேலே முதல் வீடு எங்களுடையது. அடுத்தது ட்வெய்தன். அதற்கடுத்தது சிவெர்டின் நெஸ் பண்ணை. அதற்குக் கீழே மற்றவர்கள்.

அந்த வருடம் மேலிருந்து கீழாக வரவேண்டிய முறை. ஆனால் காய்ந்த புல்லை வண்டியில் ஏற்றும் பருவத்தில் ட்வெய்தன் வீட்டுத் தார்யே பாரத்தின் உச்சியிலிருந்து சரிந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டான். நகரத்து வைத்தியர் வந்து காலை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டு, பனி விழும்வரை தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லிப் போனார். கோதுமை அதற்காகக் காத்திருக்கவில்லை. அவன் மனைவி பிர்கித் குதிரைகளைப் பூட்டி அறுவடை இயந்திரத்தை ஓட்டினாள். விழுந்த கதிர்க்கட்டுகளைத் தானே பொறுக்கிக் கூம்பு கூம்பாகச் சாய்த்து நிறுத்தினாள். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். கூம்புகள் நேராக நின்றன. நானும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்தபின் ஆண்கள் குதிரைக் கொட்டகைப் பக்கமும் பெண்கள் வாசற்படிப் பக்கமும் நிற்பது வழக்கம். நடுவே இருக்கும் புல்வெளியைப் ஆராதனை முடிந்த கையோடு யாரும் கடப்பதில்லை. அந்த ஞாயிறு சிவெர்ட் முறையை அறிவித்தான். அவன்தான் வட்டத்துக்கு மூத்தவன்; கெட்டவன் அல்லன்; சொன்ன சொல்லை மாற்றாதவன்; அதனாலேயே எதையும் எளிதில் மாற்ற மாட்டான். முதலில் எங்கள் வீடு என்றான். அடுத்தது நெஸ் என்றான். ட்வெய்தன் வீடு கடைசி என்றான். ஆள் கொடுக்க முடியாத வீட்டுக்கு ஊர் இரக்கப்பட்டு அடித்துக் கொடுக்கும், ஆனால் ஆள் கொடுத்தவர்கள் வீடுகள் முடிந்த பிறகுதான் என்று காரணமும் சொன்னான்.

கடைசி என்றால் என்ன என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அடிக்காத கட்டுகள் வயலில் நின்றுகொண்டே இருக்கும். ஆகஸ்டு முடிவில் தெற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசத் தொடங்கிவிட்டது. ஈக்கள் மாட்டை விட்டு மனிதரைக் கடித்தன. நனைந்த கூம்புக்குள் சூடு ஏறினால் கதிரிலேயே மணி முளைத்துவிடும். முளைத்த மணி மாவுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. ட்வெய்தன் வீட்டில் அந்த ஒரு வயலைத் தவிர வேறு கோதுமை இல்லை. பனிக்காலத்து ரொட்டியும் வசந்தத்து விதைப்பும் அந்தக் கூம்புகளில் நின்றுகொண்டிருந்தன.

பிர்கித் புல்வெளியைக் கடந்தாள். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை.

"சிவெர்ட் அண்ணே, எங்க வீடு ரெண்டாவது."

"ஆள் யாரும்மா வருவா?"

"வண்டி வரும். குதிரை வரும். நான் வருவேன்."

"உன்னைக் கேக்கல. ஆளைக் கேட்டேன்."

"அந்த வயலை அறுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? காத்தா?"

தோர்கர் என்பவன் சிரித்துவிட்டுச் சட்டென்று இருமலாக்கிக்கொண்டான். வட்டத்தில் வாய்த்துடுக்கு உள்ளவன் அவன்தான். சிவெர்ட் சிரிக்கவில்லை. கதிரடிக்கும் மெஷினின் முன்னால் கட்டு வீசுவது பெண்ணுக்குரிய வேலை அல்ல என்றும், ஒரு பெண்ணுக்குக் கைகால் போனால் அந்தப் பழி ஊருக்கு வரும் என்றும் அமைதியாகச் சொன்னான். அவள் மறுத்து வாதாடவில்லை. ஹாவ்கன் களத்தில் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஹாவ்கன் என்பது எங்கள் பண்ணை.

மறுநாள் புளித்த பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு நான் ட்வெய்தன் வீட்டுக்குப் போனேன். தார்யே சன்னலோரக் கட்டிலில் பலகைக் காலை நீட்டிக்கொண்டு, மூன்று வயது மகளுக்கு மரத்துண்டில் பசு ஒன்றைச் செதுக்கிக் கொண்டிருந்தான். பசுவின் ஒரு கொம்பு கோணலாக முன்னால் நீண்டுவிட்டது. கோபத்தில் கத்தி வழுக்கியிருக்கிறது என்று அவன் முகமே சொன்னது. பிர்கித் அவனுடைய காற்சட்டை ஒன்றின் இடுப்பைக் குறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க இங்கபோர்க் அக்கா," என்றான் தார்யே. "ஊர் சிரிக்கும்."

"ஊர் சிரிச்சா கோதுமை முளைக்காது," என்றாள் பிர்கித், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மழை பெஞ்சாத்தான் முளைக்கும்."

"என் பேரு கெட்டுப்போகும்டி."

"உங்க பேரை வேகவெச்சுத் திங்க முடியாது."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கூலிக்கு ஆள் கிடைக்குமா என்று நான் கேட்டேன். மரம் வெட்டும் முகாம்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் போனவர்கள் போக, பள்ளத்தாக்கில் சும்மா இருக்கும் கை ஒன்றுகூட இல்லை என்று அவள் சொன்னாள். எனக்கும் அது தெரியும். பாலை வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவள், கட்டைக் குத்தி வீச எந்தக் கவைக்கோல் நல்லது, நீளக் கைப்பிடியா குட்டைக் கைப்பிடியா என்று என்னிடம் கேட்டாள். குட்டையானது வண்டியின் அடிமட்டத்துக்கு, நீளமானது வயலில் ஏற்ற என்றேன். இரண்டும் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

எங்கள் களத்தில் மெஷினும் அதை ஓட்டும் நீராவி எஞ்சினும் வந்து நின்ற காலை, பனி காயுமுன்பே ட்வெய்தன் வண்டி வேலிக்குள் நுழைந்தது. பிர்கித் காற்சட்டையின் மேல் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் துணி, கையில் தார்யேயின் கையுறை. சிவெர்ட் அவளைப் பார்த்தான். பிறகு இயந்திரத்துக்குச் சொந்தக்காரனான ஹால்வரைப் பார்த்தான், அவனாவது தடுப்பான் என்ற எண்ணத்தில். ஹால்வர் எண்ணெய்க் குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "என் மெஷினுக்கு மீசை வெச்ச ஆளு, வெக்காத ஆளுன்னெல்லாம் தெரியாது. கதிர்த்தலை முன்னால வருதான்னு மட்டும்தான் தெரியும்."

அதுதான் அந்த வேலையின் ஒழுங்கு. இயந்திரத்தின் வாய்க்கு இரு புறமும் ஒவ்வொரு வண்டி நிற்கும். இந்தப் பக்கத்துக்காரர் ஒன்று, அந்தப் பக்கத்துக்காரர் ஒன்று என்று மாற்றி மாற்றி, தலை முன்னால் அடிப்பாகம் பின்னால், ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி கட்டுகளை இட வேண்டும். எஞ்சின் மூச்சுவிடும் தாளம் மாறாமல் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று பொருள். குறுக்காகவோ கொத்தாகவோ ஒரு கட்டு விழுந்தால் உள்ளிருக்கும் பல் உருளை அதை விழுங்க முடியாமல் அடைத்துக்கொள்ளும், எஞ்சினிலிருந்து மெஷினைச் சுழற்றும் வார் கழன்று பறக்கும், எல்லாம் நின்றுபோகும்.

அவளுடைய முதல் பாரம் குற்றமில்லாமல் போனது. நான் சமையலறைச் சன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் நின்ற தோர்கர் வேண்டுமென்றே வேகம் கூட்டினான் என்று பிற்பாடு என் கணவர் எமுண்ட் சொன்னார். அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசியில் தோர்கர்தான் அவள் தாளத்துக்கு வந்தான்.

இரண்டாவது பாரம் எங்கள் ஓடையோர வயலிலிருந்து வந்தது. அந்தப் பள்ளத்துக் கட்டுகள் பனியில் ஊறிக் கனத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் கொதிக்கும் பானையின் மூடியை நான் கையில் எடுத்தபோது, வெளியே ஒரு முக்கல் கேட்டது, பிறகு சாட்டையடி போன்ற ஓசை, பிறகு அமைதி. கதிரடி நாளில் அமைதியைவிடக் கெட்ட ஒலி கிடையாது. மூடியோடு வாசலுக்கு வந்தேன். வார் தரையில் பாம்புபோல் சுருண்டு கிடந்தது. பிர்கித் வண்டியின் மேல் கவைக்கோலோடு நின்றாள். ஒட்டிக்கொண்ட இரண்டு கட்டுகளைப் பிரிக்காமல் ஒரே வீச்சில் குறுக்கே போட்டிருந்தாள்.

இறங்கி வந்து, ஆண்களோடு சேர்ந்து உருளைக்குள் கையை விட்டு இறுகிய வைக்கோலைப் பிய்த்தாள். முழங்கைவரை கீறல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் சரியில்லை.

ஏனென்றால் எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு தண்டனை உண்டு. மெஷினை அடைத்தவன், தன் வேலையோடு சேர்த்து அன்று முழுவதும் எல்லாருக்கும் ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். குடிக்கிற ஒவ்வொருவனும் குடித்து முடித்ததும் அவனை ஒரு சொல் நையாண்டி செய்ய உரிமை உண்டு. வாளி சுமப்பவன் எதிர்த்துப் பேசக் கூடாது. என் கணவர் சுமந்திருக்கிறார். தோர்கர் ஒரே பருவத்தில் பலமுறை சுமந்திருக்கிறான். சிவெர்டே தன் இளமையில் சுமந்திருக்கிறான் என்று சொல்வார்கள்.

வாரை மாட்டி முடித்ததும் சிவெர்ட் அவளிடம் வந்தான். குரல் தணிந்து, அன்பாகவே பேசினான். "பரவாயில்லம்மா. ரொம்பச் சிரமப்பட்டுட்ட. உள்ள போய் இங்கபோர்க்குக்கு ஒத்தாசை பண்ணு. வண்டியை நாங்க பாத்துக்கிறோம்."

"வாளி எங்கே?" என்றாள் பிர்கித்.

"எந்த வாளி?"

"மெஷினை அடைச்சவ நான். வாளியைக் குடுங்க."

"அது ஆம்பளைங்களுக்குள்ள ஒரு விளையாட்டும்மா."

"போன வருசம் தோர்கர் அடைச்சப்ப இப்படி உள்ள போய் உருளைக்கிழங்கு உரின்னு சொன்னீங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வேலியோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியையும் தகரக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். திரும்பிவந்து முதலில் தோர்கரிடம் நீட்டினாள். அவன் குடித்தான். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான். தொப்பியைச் சரிசெய்தான். பெண்ணை நோக்கிப் பலர் முன்னிலையில் கேலி பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அவள் நகராமல் நின்றாள்.

"சொல்லுங்க," என்றாள். "வெயில் ஏறுது."

"தண்ணி நல்லாத்தான் இருக்கு," என்றான் தோர்கர் மெதுவாக. "இதையும் குறுக்கால ஊத்திருவியோன்னுதான் பயந்தேன்."

முதலில் வைக்கோற்போரின் மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது; பிறகு களம் முழுவதும். பிர்கித் உதட்டை இறுக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போனாள். இருபது வருடமாகப் பல் தேயாத என் மெஷினின் தொண்டையில் ஒரு முழுக்கோழியைத் திணித்தவள் நீதான் என்றான் ஹால்வர். எமுண்ட் பேசுவதே அபூர்வம், அவரும் வாயைத் துடைத்துக்கொண்டு, "என் கோதுமைமேல உனக்கு அப்படி என்ன கோபம்?" என்று கேட்டார். மூட்டை பிடிப்பவர்கள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் ஓர் ஆணுக்குச் சொல்வதைவிட ஒரு சொல்லும் குறைத்துச் சொல்லவில்லை. அவளும் வரிசை தவறாமல் எல்லாரிடமும் நின்று வாங்கிக்கொண்டாள்.

சிவெர்ட் மட்டும் குடிக்கவில்லை. வாளி அருகே வரும்போதெல்லாம் தாகமில்லை என்றான். தூசியில் அவன் தாடி வெளுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. குடித்தால் பேச வேண்டும். பேசினால் அவளை வட்டத்தில் ஓர் ஆளாக ஒப்புக்கொண்டதாகும். அவன் அதை நன்றாக அறிந்திருந்தான். அவளும் அறிந்திருந்தாள், ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அவன் முன்னால் போய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

மதியம் எஞ்சின் ஊதியது. ஆண்கள் வரிசையாகக் கைகழுவும் பலகைக்கு வந்தார்கள்; அவளும் அந்த வரிசையில் வந்து கைகழுவினாள். சமையலறையில் எனக்கு உதவ வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். களத்து ஆட்கள் உண்டு முடித்த பிறகுதான் பெண்கள் உண்பது வழக்கம். தோர்கரின் மனைவி, அவளுக்கு இங்கேயே அடுப்படியில் ஒரு தட்டு வைத்துவிடலாமே, யாருக்கும் சங்கடமில்லை என்று என் காதில் சொன்னாள். நான் ஒழுங்கை மதிக்கிறவள். களத்திலிருந்து வந்தவர்கள் முதல் பந்தி. அடுப்பிலிருந்து வந்தவர்கள் இரண்டாம் பந்தி. அதில் ஆண், பெண் என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எமுண்டுக்கும் ஹால்வருக்கும் நடுவே பிர்கித்துக்குத் தட்டு வைத்தேன்.

சிவெர்ட் தட்டைப் பார்த்தான். "இது புதுப்பழக்கமா இருக்கே, இங்கபோர்க்."

"பழைய பழக்கம்தான்," என்றேன். "வேலை செஞ்சவங்க முதல்ல சாப்பிடுவாங்க. உங்களுக்குப் பிடிக்கலேன்னா ரெண்டாம் பந்தியில உக்காருங்க, எங்களோட."

அவன் உட்கார்ந்தான். கறியும் கிழங்கும் தட்டை ரொட்டியும் மேசையில் சுற்றின. பிர்கித் காப்பிக்குக் கோப்பையை நீட்டிக்கொண்டே, இங்கே நாளைக்கு முடியும் என்றாள். அதற்கு அடுத்தது எங்கள் வீடு என்றாள். கேட்பதுபோல் அல்ல, நினைவூட்டுவதுபோல.

"அதைத்தான் ஞாயித்துக்கெழமையே பேசி முடிச்சாச்சு," என்றான் சிவெர்ட்.

அப்போது தோர்கர் ரொட்டியைக் கீழே வைத்தான். "இல்ல சிவெர்ட் அண்ணே, எனக்கு ஒரு சிக்கல். காலையில இருந்து அந்தப் பொம்பளையை நாங்க வாய்க்கு வந்தபடி பேசியிருக்கோம். அவ வட்டத்துல இருக்கான்னா அதுல ஒரு தப்பும் இல்ல. அவ வட்டத்துல இல்லேன்னா, கால் ஒடிஞ்சு கிடக்கிறவன் பொண்டாட்டியை ஊரே சேந்து அவமானப்படுத்தினதா ஆகிடும். அப்புறம் பாதிரியார் முகத்துல நாங்க எப்படி முழிக்கிறது?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"அதான் சொல்றேன். இந்த மேசையிலேயே மரியாதை தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். மத்த அத்தனை பேரும் அவளை வட்டத்துல சேத்தாகணும், வேற வழியில்ல."

ஹால்வருக்குக் காப்பி மூக்கில் ஏறியது. எமுண்ட் தலையாட்டினார். மூட்டைபிடிப்பவர்கள் தலையாட்டினார்கள். யாரும் கை தூக்கவில்லை, யாரும் எண்ணவில்லை; ஆனாலும் முடிவாகிவிட்டது. சிவெர்ட் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, முறைப்படியே ஆகட்டும், ஆனால் வானத்தைப் பாருங்கள், தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. மேற்கே ஈய நிறத்தில் ஒரு கோடு கிடந்தது.

எங்கள் களம் முடிந்ததும் எஞ்சின் ட்வெய்தன் வண்டிப்பாதையில் திரும்பியது. கதிரடி நாளில் வீட்டுக்காரிக்கு அடுப்புதான் மானம். மேசையில் என்ன வைத்தாள் என்பது அடுத்த வருடம்வரை பேசப்படும். நான் வந்து சமைக்கிறேன் என்று முந்தின மாலையே சொல்லியிருந்தேன். வேண்டாம் அக்கா, அவர் சமைக்கிறார் என்றாள் பிர்கித்.

அவன் சமைத்தான். பலகைக் காலை ஒரு முக்காலியில் நீட்டி, இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தபடியே, மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஒரு பெரிய பானை கிழங்கும் உப்புப் பன்றிக்கறியும் வேகவைத்தான். கிழங்கு கரைந்துவிட்டது, கறி செருப்புத்தோல்போல் இருந்தது. ஆண்கள் மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தார்யேயின் முகம் அடுப்புச் சூட்டிலும் வெட்கத்திலும் சிவந்திருந்தது. பிறகு கையிலிருந்த அகப்பையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான்.

"பிடிக்காதவங்க சொல்லிருங்க," என்றான். "நான் போய்க் கட்டு வீசுறேன். அவ வந்து சமைக்கட்டும்."

எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். பிர்கித்தும் சாப்பிட்டாள், ஒரு துண்டுக் கறியை நெடுநேரம் மென்றாள். களத்துக்குப் போகுமுன் அவன் தோளில் ஒட்டியிருந்த கிழங்குத் தோலைத் தட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலை கடைசிக் கூம்பு வாய்க்குள் போனபோது மேட்டுக்குப் பின்னால் இடி உருண்டது. மூட்டைகளைக் களஞ்சியத்துக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். எஞ்சினை நெஸ் பண்ணைக்கு நகர்த்துவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடவே இல்லை. ஓடை சிவந்து ஓடியது. பாதை சேறாகி எஞ்சின் சக்கரம் அச்சுவரை புதைந்தது. வானம் வெளுத்தபோது நான் சாலையில் நின்று பார்த்தேன். சிவெர்டின் கூம்புகளின் உச்சியில் பசுமை படர்ந்திருந்தது.

ஊர் இரண்டாகப் பேசியது. அவள் விட்டுக் கொடுத்திருந்தால் சிவெர்டின் கோதுமை பிழைத்திருக்கும் என்றார்கள் சிலர். அப்படியானால் ட்வெய்தன் வீட்டுக் கோதுமை மடிந்திருக்கும், அதைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள் என்று நான் பதில் சொன்னேன். கட்டுகளைப் பிரித்துப் போட்டுக் காயவைத்து, மிஞ்சியதை அடிக்கலாம் என்று நாள் குறித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போ, சிவெர்டின் கோபம் ஆறட்டும் என்று தார்யே மனைவியிடம் சொன்னானாம். அவள் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

நெஸ் களத்தில் பெண்கள் சமையலுக்குப் போனபோது நானும் போயிருந்தேன். ட்வெய்தன் வண்டி எல்லாருக்கும் முன்பே வந்து நின்றது. சிவெர்ட் களத்தின் நடுவே, முளைவிட்ட ஒரு கதிரைக் கையில் வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தான். பிர்கித் வண்டியிலிருந்து இறங்கவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

"மழைக்கு முன்னாடி மெஷின் இங்க நின்னிருக்கணும்," என்றான் சிவெர்ட், கதிரைப் பார்த்தபடியே.

"நீங்க சொன்னபடி நடந்திருந்தா நின்னிருக்கும். இந்தக் கதிர் எங்க வயல்ல இருந்திருக்கும்." அவள் கடிவாளத்தைக் கையில் சுற்றிக்கொண்டாள். "என் முறையில நான் அடிச்சேன் சிவெர்ட் அண்ணே. இன்னைக்கு உங்க முறை, வந்திருக்கேன். கடைசிக் கட்டுவரைக்கும் நிப்பேன். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தட்டும்?"

அன்று காற்று கிழக்கிலிருந்து வீசியது. மெஷினின் மேற்குப் பக்கத்தில் நிற்பவர் மீதுதான் எல்லாத் தூசியும் கொட்டும். மழையில் பூஞ்சணம் பூத்த கட்டுகளில் அந்தத் தூசி கருப்பாக இருக்கும், நாள்கணக்கில் நெஞ்சைவிட்டு இறங்காது. வட்டத்துக்குள்ளேயே மனம் கசந்த ஆளையோ சண்டைபோட்ட ஆளையோ அங்கேதான் நிறுத்துவார்கள். விருந்தாளியை, நோயாளியை, இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டவர்களை ஒருபோதும் அங்கே நிறுத்த மாட்டார்கள்.

சிவெர்ட் கையிலிருந்த பதரை உதறினான். முகத்தைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தான்.

"மேக்குப் பக்கம்," என்றான்.

பிர்கித் கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, குதிரைகளை மேற்கே திருப்பினாள்.